நாலு பேருக்கு ஒரு பிளக் பாயிண்ட்

போன வாரம் எங்கள் படிப்பகத்துக்கு ஒரு தம்பி வந்தார். கேட்டரிங் படித்தவர். கப்பலேறுவோருக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டார், சிடிசி வாங்கிவிட்டார், மருத்துவச் சான்றும் தயார். அடுத்த மாதம் உல்லாசக் கப்பலில் வேலைக்குச் சேருகிறார். சம்பளம் பற்றிக் கேட்பார், ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"அண்ணே, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துட்டுப் போலாமா? நாலு பேர் தங்குற ரூம்ல ஒரே பாயிண்ட்தான் இருக்குமாமே?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்விக்குள் எங்களுடைய எட்டு மாதம் இருந்தது.

"எடுத்துட்டுப் போகாதே" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். எங்களுக்கும் அந்த ஒரு வரியைத்தான் சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் சொல்லப்படாத தடைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகாதே, அந்தக் குழாயைத் தொடாதே, அந்த டம்ளரை எடுக்காதே. அதனால் கப்பலில் இன்னொரு 'கூடாது' வந்தபோது அதையும் அதே கணக்கில் எழுதிவிட்டோம். அது எங்கள் தவறு. அது எப்படித் தவறு என்பதையும், பிறகு அதே சரியான விதியை வைத்துக்கொண்டு ஒருவர் எங்களை என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் தம்பியின் கேள்விக்குப் பதில் முழுமையாகும். கப்பலுக்குப் போகாதவர்களும் படிக்கலாம். விடுதியில் ஒரே அறையில் ஆறு பேர் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தும்.

நாங்கள் மூவரும் ஒரே தெரு, ஒரே கேட்டரிங் செட். ஒரே கப்பலில் வேலை கிடைத்தது அதிர்ஷ்டம். ஒரே அறை கிடைத்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். கிளம்புவதற்கு முன்பு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 480 ரூபாய்க்கு ஒரு பாக்ஸ் வாங்கினோம். ஆறு துளை, சிவப்பு சுவிட்ச், 'ஸ்பைக் கார்டு' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. மின்னழுத்தம் எகிறினாலும் போனுக்கு ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். கப்பலுக்கு என்று சொல்லித்தான் வாங்கினோம். அவரும் பாவம், நல்லதாகத்தான் எடுத்துக் கொடுத்தார்.

மியாமியில் ஏறினோம். கரீபியன் தீவுகளைச் சுற்றி வரும் கப்பல். மேலே பயணிகளுக்குக் கடலைப் பார்த்த பால்கனி. எங்கள் அறை நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு அடுக்குப் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. நான்கு லாக்கர், ஒரு சின்ன மேசை. மேசைக்கு மேலே பட்டைப் பின் போடுகிற அமெரிக்க வகை பிளக் பாயிண்ட் ஒன்று. குளியலறையில் ஷேவருக்கான பாயிண்ட் ஒன்று. அவ்வளவுதான்.

ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தோம். நான்கு பேருக்கு ஐந்து போன், ஒரு பழைய லேப்டாப், மூன்று பவர் பேங்க், இரண்டு டிரிம்மர், ஒரு ஹெட்செட், ஒரு வாட்ச். மொத்தம் 13. 'கடலுக்குப் போனால் போன் எதற்கு' என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புவது அதில்தான். அம்மா குரல் கேட்பது அதில்தான். ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிவதும் அதில்தான். ஒப்பந்தம் முடிகிறவரை எங்கள் ஊர் என்பதே அந்த ஆறு அங்குலத் திரைதான்.

ஒன்பதாவது நாள் அறைச் சோதனை வந்தது. பாதுகாப்பு அதிகாரி மேசைக்கு அடியில் குனிந்தார், எங்கள் பாக்ஸைப் பிடுங்கினார், ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டார். எச்சரிக்கைத் தாளில் மூவரும் கையெழுத்துப் போட்டோம். "நாட் அலவுட்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கதவு திறந்திருந்தது. ஊழியர்கள் போய்வருகிற நீளமான நடைபாதைக்கு அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றின் பெயரை வைத்து 'ஐ-95' என்பார்கள். அதில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று இரவு எங்களில் ஒருவர் சொன்னார்: "ஊர்ல குழாயில கை வைக்காதேன்னான். இங்க கரண்ட்ல கை வைக்காதேங்கிறான்." மற்ற இருவரும் தலையாட்டினோம். அப்போது அது மிகச் சரியான வாக்கியமாகத் தெரிந்தது.

எங்கள் அறிவுக்கண்ணைத் திறந்தவர் கப்பலின் எலக்ட்ரீஷியன்களில் ஒருவர், தூத்துக்குடிக்காரர். ஊழியர் மெஸ்ஸில் தமிழ் காதில் விழுந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். பாக்ஸ் கதையைப் புலம்பினோம். அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்ல பிளக் பாயிண்டுல மூணு துளை இருக்குல்ல, மேல பெருசா ஒண்ணு, அதுல ஒயர் வந்திருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் பல வீடுகளுக்குக் கரண்ட் வந்ததே ஒரு விளக்குத் திட்டத்தில். பிறகு நாங்களாக இழுத்துக்கொண்டவைதான் மற்றவை. மூன்றாவது துளை அழகுக்கு இருக்கும். பின்னால் ஒயர் இருக்காது. அதுதான் எர்த் என்பதும், அது எதற்கு என்பதும் கடலுக்கு நடுவில் வைத்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றும் நம் தெருக்களில் கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் தொட்டால் 'ஜிவ்'வென்று இழுப்பதற்குக் காரணங்களில் அது ஒன்று. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அவர் பேப்பர் நாப்கினில் இரண்டு கோடு போட்டு விளக்கியதை எங்களுக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். தரையில் வீட்டுக்கு வருகிற இரண்டு ஒயரில் ஒன்று ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரலை மண்ணோடு கட்டி வைத்திருக்கிறார்கள். ஆபத்து ஃபேஸில்தான். அதனால் நம் சுவிட்சும் பாக்ஸில் இருக்கிற சின்ன பிரேக்கரும் ஃபேஸை மட்டும் வெட்டினால் போதும்.

பெரும்பாலான கப்பல்களில் அப்படி இல்லை. இரண்டு ஒயரில் எதையும் கப்பலின் இரும்பு உடலோடு கட்டுவதில்லை. எங்கோ ஓரிடத்தில் ஒரு ஒயர் உரசி இரும்பைத் தொட்டுவிட்டால் உடனே மின்சாரம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நடுக்கடலில் திடீரென்று கரண்ட் போனால் சுக்கான் என்ன ஆவது, பம்பு என்ன ஆவது? ஆகவே முதல் பழுதைத் தாங்கிக்கொண்டு கப்பல் ஓடும், அலாரம் அடிக்கும், எலக்ட்ரீஷியன் தேடிப் போய்ச் சரிசெய்வார். இதன் விலை என்னவென்றால், இரண்டு ஒயரிலும் மின்னழுத்தம் உண்டு. ஒன்றை மட்டும் வெட்டினால் இன்னொன்று உயிரோடு இருக்கும்.

இப்போது எங்கள் ஸ்பைக் கார்டை அங்கே செருகிப் பாருங்கள். அதற்குள் மின்னழுத்தம் எகிறினால் அதை எர்த்துக்குத் தள்ளிவிடுகிற ஒரு சின்ன வில்லை இருக்கிறது. கப்பலில் வேறெங்கோ ஒரு பழுது வந்தால் போதும், அந்த வில்லை வழியாக மின்சாரம் கசியத் தொடங்கும். வில்லை சூடாகும். பாக்ஸின் பிரேக்கர் ஒரு ஒயரைத்தான் வெட்டும். மற்றொன்றின் வழியாகச் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்கு என்று வாங்கிய பொருளே பற்றிக்கொள்ளும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டிருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். பிறகு நாங்களே தேடிப் படித்தோம்.

"தரையில தீப்பிடிச்சா வெளிய ஓடலாம். இங்க எங்க ஓடுவீங்க?" என்றார். 2006 மார்ச்சில் ஜமைக்கா பக்கம் 'ஸ்டார் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல் நள்ளிரவுக்குப் பிறகு தீப்பிடித்தது. பால்கனியில் யாரோ அணைக்காமல் விட்ட சிகரெட்டாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அறை அறையாகப் பரவியது. பயணி ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு பால்கனிகளுக்கான தீ விதிகளையே உலக அளவில் மாற்றினார்கள். ஒரு சிகரெட்டுக்கே அந்தப் பாடு என்றால் எங்கள் 480 ரூபாய் பாக்ஸ் எம்மாத்திரம்.

ஆக, அந்த அதிகாரி செய்தது சரி. சொன்ன விதம் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. காரணத்தை ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் நாங்களே அந்த பாக்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம்.

இனி நான்காவது ஆளைப் பற்றி.

அவரும் தமிழர்தான், வேறு மாவட்டம். எங்களுக்கு முன்பே மூன்று ஒப்பந்தம் முடித்தவர். சீனியர் என்பதால் மேசையை ஒட்டிய கீழ்ப்படுக்கை அவருக்கு. பாயிண்ட் கை நீட்டினால் எட்டும். முதல் நாள் நன்றாகத்தான் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னோம். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவின் பெயரிலேயே எங்கள் தலைவரின் பெயர் இருக்கிறது. சொன்னோம். அதன் பிறகு அவர் பேச்சு சுருங்கியது.

பிலிப்பைன்ஸ்காரர்களோடும் இந்தோனேசியர்களோடும் சேர்ந்து பாத்திரம் கழுவினோம், அழுக்குத் துணி துவைத்தோம். அவர்களுக்கு அது வேலை. முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டுப் பாட்டுப் பாடப் போய்விடுவார்கள். அந்த வேலையை வைத்து எங்களை அளந்தவர் அத்தனை பெரிய கப்பலில் எங்கள் மொழி பேசிய இந்த ஒருவர்தான்.

மேசையில் எங்கள் போன்களை வைத்தால் எடுத்துப் படுக்கையில் போடுவார். "இடம் அடைக்குது தம்பி" என்பார். எங்கள் சார்ஜர் பாயிண்டில் இருந்தால் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்துப் பிடித்துக் கழற்றுவார். முதலில் ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறாரோ என்று நினைத்தோம். தன்னுடைய சார்ஜரைக் கழற்றும்போது அவருக்கு டிஷ்யூ தேவைப்படவில்லை.

கேட்டால் ஒரே பதில்: "ஆளில்லாம சார்ஜ்ல விடக்கூடாது. ரூல் அது."

அது உண்மையிலேயே விதி. நல்ல விதியும்கூட. போனிலும் பவர் பேங்கிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. அடிபட்டதோ உப்பியதோ மட்டமானதோ ஒன்று சூடேறத் தொடங்கினால் அதற்குள்ளேயே நடக்கிற வினையில் சூடு தன்னால் ஏறிக்கொண்டு போகும். பக்கத்தில் ஆள் இருந்தால் முதலில் நாற்றமோ புகையோ தெரியும். உடனே பிளக்கைப் பிடுங்கலாம், எச்சரிக்கை கொடுக்கலாம். ஆள் இல்லாத பூட்டிய அறையில் மெத்தை மேல் அது நடந்தால் கதை வேறு. இதனால்தான் விமானத்தில்கூடப் பவர் பேங்கைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; சரக்கறைக்குப் போகிற பெட்டியில் விடுவதில்லை.

எங்கள் வேலை நேரமோ நாலுவிதம். ஒருவர் கேலியில் இரவு வேலை. கேலி என்றால் கப்பலின் சமையலறை. இருவர் லாண்டரி, அதிலும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். ஆள் இருக்கும்போது மட்டும்தான் சார்ஜ் என்றால், ஆள் இருக்கிற நேரமெல்லாம் பாயிண்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறவர் யாரோ அவருக்குத்தான் கரண்ட். சரியான விதி, சமமில்லாத அறைக்குள் வந்தால் இப்படித்தான் வேலை செய்யும்.

அந்த இரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஊரில் எங்கள் தெருக் கோயில் திருவிழா. சப்பரம் பொதுத்தெரு வழியாகப் போகலாமா கூடாதா என்ற பழைய தகராறு. விடியற்காலையில் போலீஸ் வந்து எங்கள் தெருப் பையன்களை அள்ளிக்கொண்டு போனது. அதில் எங்களில் ஒருவரின் தம்பியும் இருந்தான், கல்லூரி முதலாம் ஆண்டு. கப்பலில் அப்போது மாலை. அண்ணன்காரர் எட்டு மணி வேலைக்குக் கிளம்பும்போது போனில் 4 சதவீதம். நான்காவது ஆள் அறையில் இருந்தார். "அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லி சார்ஜில் போட்டுவிட்டுப் போனார்.

நள்ளிரவு இடைவேளை இருபது நிமிடம். ஓடி வந்து பார்த்தால் போன் இவருடைய படுக்கையில் செத்துக் கிடக்கிறது. பாயிண்டிலிருந்து ஒரு ஒயர் கீழ்ப்படுக்கையின் திரைக்குள் போகிறது. திரைக்குள் அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அவருடைய போன் தலையணைக்கடியில். ஆளில்லாத அறையைவிட மோசம் அது. துணிக்குள் மூச்சுமுட்ட ஒரு பேட்டரி. சீனியரின் ஒயரைப் பிடுங்கிப் போடும் தைரியம் எங்கள் தோழருக்கு அன்று இல்லை. திரும்பிப் போய்விட்டார்.

காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து சார்ஜ் போட்டபோது அம்மாவிடமிருந்து 11 அழைப்புகள். ஊரில் அப்போது மாலை நாலரை. பையன்களை ரிமாண்ட் செய்து முடித்திருந்தார்கள். நள்ளிரவில் அவர் அந்த அழைப்பைப் பார்த்திருந்தால் ஊரில் காலை பத்தரை; பையன்கள் இன்னும் ஸ்டேஷனில்தான் இருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் தோழரின் எண் அந்த ஒரு போனில்தான் இருந்தது. வீட்டில் யாரிடமும் இல்லை. அவர் போயிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஸ்டேஷன் வாசலில் நின்று கேட்பதற்கு ஒரு ஆளாவது இருந்திருப்பார்.

(இன்று எங்கள் தெருவில் அந்த எண் படிப்பகச் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கிறது. நீங்களும் எழுதி வையுங்கள்.)

சண்டை வந்தது. கை ஓங்கவில்லை, அந்த அளவுக்கு எங்களுக்கு நிதானம் இருந்தது. கப்பலில் கை ஓங்கினால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அவர் திரும்பவும் விதியைச் சொன்னார். "வேணும்னா ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார்.

கேட்டோம்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, 2006இல் ஏற்கப்பட்டது. 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றது. கப்பலேறுகிற ஒவ்வொரு தம்பியும் தங்கையும் அதை ஒருமுறையாவது படித்துவிட்டுப் போக வேண்டும். வேலை வாங்கித் தருவதற்கு உங்களிடம் ஏஜென்ட் கமிஷன் வாங்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் உங்களுடையது. ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்தில் 77 மணி நேர ஓய்வு. பயணிகள் கப்பலில் நான்கு பேர் தங்கும் அறை என்றால் 14.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இது உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பிறகு கட்டிய கப்பல்களுக்கு. ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் படிக்க ஒரு விளக்கு இருக்க வேண்டும் என்றுகூட வழிகாட்டுதல் சொல்கிறது. சார்ஜ் போடும் இடம் பற்றி ஒரு வரியும் எங்கள் கண்ணில் படவில்லை. 2022இல் செய்த திருத்தங்கள் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. கடலோடிகள் வீட்டாரோடு தொடர்பில் இருப்பதற்கான இணைய வசதி பற்றி அவை பேசுகின்றன. இணையம் கொடுத்துவிட்டால் போதுமா, போனுக்கு உயிர் வேண்டாமா என்று அடுத்த திருத்தத்தில் யாராவது கேட்க வேண்டும்.

கப்பலிலேயே புகார் கொடுக்கிற முறையும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதன்படி எழுதினோம். எழுதும்போது எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். சாதியைக் குறிப்பிடுவதா வேண்டாமா? மனிதவள அதிகாரி தென்னமெரிக்கப் பெண். படிவத்தில் இனம், மதம், பாலினம் என்று கட்டங்கள் இருந்தன. சாதிக்குக் கட்டம் இல்லை. டிஷ்யூ பேப்பரை அவருக்கு எப்படி விளக்குவது? ஒருவர் எழுதியே ஆக வேண்டும் என்றார். இருவர், எழுதினால் இது 'இந்தியர்களுக்குள் சண்டை' ஆகிவிடும், பாயிண்ட் விஷயம் அடிபட்டுப் போகும் என்றோம். பெரும்பான்மை வென்றது. சரியாகத்தான் செய்தோமா என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை நடக்கிறது. படிவத்தில் கட்டம் இல்லை என்பதற்காக நாமே விட்டுவிட்டால் கட்டம் எப்போதுதான் வரும் என்று அந்த ஒருவர் கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை.

எழுதியது இவ்வளவுதான்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தடை செய்தது சரி, காரணத்தை ஏற்கிறோம். ஆனால் நான்கு பேருக்கு ஒரு பாயிண்ட் என்றால் திருட்டுத்தனமாக யாராவது இன்னொரு பாக்ஸைக் கொண்டு வரத்தான் செய்வார்கள். பாதுகாப்பான பல முனை யூஎஸ்பி சார்ஜர் ஒன்றை அறைக்கு ஒன்றாகக் கப்பலே சோதித்துத் தர வேண்டும். யார் எப்போது சார்ஜ் போடுவது என்பதற்கு அறையில் நேர அட்டவணை வேண்டும். ஆள் விழித்திருக்கும்போது மட்டும் என்ற விதி நால்வருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தூத்துக்குடி அண்ணன் கணக்கும் போட்டுக் கொடுத்தார். பாயிண்ட் 110 வோல்ட், 15 ஆம்பியர். அதாவது 1,650 வாட் வரை. போன் ஒன்றுக்கு 20 வாட் என்றாலும் நாலுக்கு 80 வாட்தான். சுமை ஒரு பிரச்சினையே இல்லை. திருட்டுத்தனமாக வைத்திருக்கிற 1,500 வாட் கெட்டில்தான் பிரச்சினை, எர்த் இல்லாத கன்வெர்ட்டர் பின்தான் பிரச்சினை, ஆடிக்கொண்டு நிற்கிற தளர்ந்த பிளக்தான் பிரச்சினை. தளர்ந்த இடத்தில்தான் சூடேறும்.

பதினாறாவது நாள் எங்கள் தளத்தில் நாலு பேர் அறைகளுக்கெல்லாம் ஒவ்வொரு சார்ஜர் வந்தது. 65 வாட், நாலு முனை, சோதித்ததற்கான ஸ்டிக்கர் ஒட்டியது. நாலும் ஒன்றாகப் போட்டால் மெதுவாகத்தான் ஏறும், பரவாயில்லை. ஸ்டிக்கர் இல்லாத எதையும் இனி செருகக் கூடாது என்று கூடவே ஒரு சுற்றறிக்கை. எங்களில் ஒருவர் உற்சாகத்தில் "மகாட் குளத்துல தண்ணி எடுத்துட்டோம்டா" என்றார். மற்றவர் அதட்டினார். அண்ணல் நடத்திய போராட்டத்தோடு சார்ஜரையெல்லாம் சேர்க்காதே, சார்ஜர் சார்ஜர்தான் என்று.

நேர அட்டவணையைக் கையால் எழுதி லாக்கர் கதவில் ஒட்டினோம். நால்வரும் கையெழுத்து. அவரும் போட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. இரண்டு நாளில் கோசுமெல் துறைமுகத்தில் இறங்கித் தனக்கென்று புது சார்ஜர் வாங்கி வந்தார். சோதனைக்குக் கொடுத்தார். முத்திரை எதுவும் இல்லாத மலிவு சரக்கு, ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஒப்பந்தம் முடிகிறவரை எங்கள் மூன்று போன்களுக்குப் பக்கத்தில் அவருடைய போனும் ஒரே சார்ஜரில்தான் கிடந்தது. டிஷ்யூ பேப்பர் மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

இனி தம்பிக்கு நாங்கள் சொன்னது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், ஸ்பைக் கார்டு வேண்டவே வேண்டாம். பல முனை யூஎஸ்பி சார்ஜர் ஒன்று நல்லதாக வாங்கிக்கொள். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்க வேண்டும். பட்டைப் பின்னே அதில் இருந்தால் கன்வெர்ட்டர் தொல்லை இல்லை. ஏறியதும் முதல் வேலையாகச் சோதனைக்குக் கொடு. எதைத் தடை செய்திருக்கிறார்கள் என்பது கப்பலுக்குக் கப்பல் வேறுபடும், அவ்வப்போது மாறும். ஒப்பந்தத்தோடு வருகிற பட்டியலைப் படி. 220 வோல்ட் மட்டும் என்று போட்ட டிரிம்மரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. ஷேவர் பாயிண்டில் போனைப் போடாதே, அது அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் போதும். 74 வாட் மணிதான் வரும், விமானத்தின் 100 வரம்புக்குள் அடங்கும். உப்பிய பேட்டரியை மறைக்காதே, கொண்டுபோய்க் கொடுத்துவிடு. தலையணைக்கடியிலும் திரைக்குள்ளும் சார்ஜ் போடாதே, எவ்வளவு தூக்கம் வந்தாலும். முக்கியமான எண்களை ஒரு காகிதத்திலும் எழுதிப் பர்ஸில் வை.

எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்று கேட்டார்.

"அண்ணே, பாயிண்டுக்குப் பக்கத்துல இருக்கிற கீழ் பெட் யாருக்குக் கிடைக்கும்?"

"சீனியருக்கு" என்றோம். "அடுத்த தடவை போறப்ப உனக்கு. அப்ப மேல படுத்திருக்கிறவன்கிட்ட ஊர் பேரை மட்டும் கேளு."